முடக்கொத்தான்: சந்தைக் கட்டும் கடைத் தூளும்

சென்ற மாரி தொடங்கியதிலிருந்து அம்மாவின் முழங்கால் விறைப்புக் கூடிவிட்டது. விடியக் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்தபடி நாலைந்து அடி வைத்தால்தான் கால் நீளும் என்ற நிலை. வைத்தியசாலையில் கொடுத்த குளிசைகளை நிறுத்தாமல், அவற்றோடு முடக்கொத்தான் ரசமும் வைத்துத் தரும்படி அம்மாவே கேட்டார். எங்கள் பழைய வளவில் கிளுவை வேலி முழுவதும் படர்ந்து கிடந்த கொடி அது. அதைக் காசு கொடுத்து வாங்கலாம் என்ற எண்ணமே அந்நாளில் யாருக்கும் வந்ததில்லை. வேலி நின்ற இடத்தில் இப்போது மதில் நிற்கிறது. அதனால் பை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைகளைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

மூன்று மாத காலத்தில் மூன்று வகையாக வாங்கினேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பச்சைக் கொடியாக ஒரு கட்டு. யாழ்ப்பாண நகரில் பழைய மருந்துச் சரக்குக் கடை ஒன்றில் நிழலில் உலர்த்திய கொடி. இன்னொரு கடையில் அழகான பைக்கற்றில் அடைத்த தூள். இந்த மூன்றையும் பற்றி எழுதுவதற்குக் காரணம், இன்று எங்கள் ஊரில் முடக்கொத்தான் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர், நானும் முதலில் செய்ததைப் போல, வசதி கருதித் தூளையே கையில் எடுக்கிறார்கள் என்பதுதான். என் அனுபவத்தில் வாங்கத் தகுந்தது பச்சைக் கட்டு. அது கிடைக்காத மாதங்களில் உலர்ந்த கொடி. தூளை நான் இனி வாங்கமாட்டேன்.

மூலிகையின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் வாங்குவதில் ஏற்படும் தவறுகளில் பாதி பெயரில்தான் தொடங்குகின்றன. முடக்கு என்பது கை கால்கள் நீட்ட மடக்க முடியாமல் விறைத்துப் போகும் நிலை. அதை அறுப்பது முடக்கறுத்தான். அது அற்றுப்போகச் செய்வது முடக்கற்றான். முடக்கொற்றான் என்று எழுதுவோரும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பேச்சிலும் சந்தையிலும் அது முடக்கொத்தான். எந்த வடிவத்தை எடுத்தாலும் பயன் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இன்ன நோய்க்கு இது என்று எழுதி ஒட்டத் தேவையில்லாத அளவுக்கு நம் முன்னோர் பெயரை வைத்திருக்கிறார்கள். பழந்தமிழ்ப் புறத்திணையில் பகைவரின் மதிலை முற்றுகையிடும் படையினர் சூடிய உழிஞை இந்தக் கொடிதான் என்று கொள்வது வழக்கம். சிங்களத்தில் இதை வெல்பெனெல என்பர். தாவரவியலார் இட்ட பெயர் கார்டியோஸ்பெர்மம் ஹலிகாகாபம். அதன் முதற்சொல்லுக்கு இதய விதை என்று பொருள். முற்றிய காயை உடைத்து விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவருக்கு அந்தப் பெயரின் காரணம் உடனே விளங்கும்: மிளகளவு கறுத்த உருண்டை, அதன் ஒரு பக்கத்தில் வெள்ளையாக, யாரோ தூரிகையால் தொட்டு வைத்ததைப் போல, ஓர் இதய வடிவம்.

ஆனால் கொத்தான் என்று தனியே ஒரு கொடி இருக்கிறது. இலையே இல்லாமல், மஞ்சளும் பச்சையும் கலந்த நூல்போல, கரையோர மணற்பாங்கான இடங்களில் மற்றச் செடிகளின் மேல் பின்னிக்கிடந்து அவற்றின் சாற்றை உறிஞ்சி வாழும் ஒட்டுண்ணி அது. முடக்கொத்தானுக்கும் அதற்கும் பெயரின் வாலைத் தவிர எந்த உறவும் இல்லை. இது போதாதென்று, வாதத்துக்கென்று பெயர் பெற்ற வேறு மூலிகைகளும் சந்தையில் உண்டு: வாதமடக்கி என்று நாம் சொல்லும் தழுதாழை ஒரு செடி, வாதநாராயணி ஒரு மரம். மூன்றுமே வாதப் பிடிப்புக்குப் பயன்படுத்தப்பட்டு வந்தவைதான் என்றாலும், உள்ளுக்குக் கொடுக்கும் முறையும் அளவும் ஒன்றல்ல. "வாதத்துக்கு இலை தாங்கோ" என்று மொட்டையாகக் கேட்டால், எது கைவசம் இருக்கிறதோ அதுதான் பைக்குள் வரும். ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்பதும், கேட்ட பொருள்தான் வந்ததா என்று கண்ணால் பார்ப்பதும் வாங்குகிறவரின் பொறுப்பு.

திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கும் பெண்கள் இருக்கும் வரிசையில், ஓர் ஆச்சி சாக்கை விரித்து வல்லாரை, பொன்னாங்காணி, குறிஞ்சா, முசுட்டை, தூதுவளை ஆகியவற்றைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். முடக்கொத்தான் எல்லா நாளும் இராது. மழை பெய்து இரண்டு மூன்று கிழமை சென்றால் வேலியோரங்களிலும் தரவைகளிலும் அது தானாகத் தளிர்த்துப் படரும். மார்கழி, தை மாதங்களில் கட்டுப் பெருத்தும் விலை குறைந்தும் இருக்கும். பங்குனி வெயில் ஏறக் கொடி காய்ந்து போகும். நான் முதல்முறை போனபோது, தளிர் இலைகளை மட்டும் ஆய்ந்து தரும்படி கேட்டேன். ஆச்சி ஆய்ந்து தரவில்லை.

"பிள்ளை, காயோட இருக்கிற கொடியாப் பாத்து எடு. இலையை மட்டும் வாங்கினா எது எதெண்டு உனக்குத் தெரியாது. இதின்ர அடையாளம் காய்தான்."

விற்கிறவரே வாங்குகிறவருக்குச் சோதிக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்ததை நான் வேறெந்தக் கடையிலும் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்துத் தாளில் பரப்பிப் பார்த்தேன். கொடி மெல்லியது, ஆனால் இழுத்தால் எளிதில் அறாது. நீளவாக்கில் வரி ஓடியிருக்கும். இலை மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவும் மீண்டும் மூன்றாகப் பிரிந்து, விளிம்பு வெட்டுப்பட்டு இருக்கும். பூ வெள்ளை நிறம், கடுகை விடச் சற்றுப் பெரிது என்று சொல்லும் அளவுக்குச் சிறியது. அந்தப் பூங்காம்பில் பூக்களுக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு சுருள்கள், கொக்கிபோல வளைந்து நிற்கும். கொடி வேலியைப் பற்றி ஏறுவது அவற்றால்தான். காய் மூன்று பக்கமுடைய, காற்று நிரம்பிய மெல்லிய பை. சிறு வயதில் அதைப் பிடுங்கி நெற்றியில் அடித்து "டப்" என்று வெடிக்க வைத்து விளையாடாதவர் எங்கள் தலைமுறையில் குறைவு. உள்ளே மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. இந்தக் காயும் விதையும் இருந்துவிட்டால் வேறெதையும் முடக்கொத்தான் என்று எவரும் உங்களிடம் தந்துவிட முடியாது.

ஒரு கட்டு 100 ரூபா. ஒரு கட்டில் மூவருக்கு இரண்டு வேளை ரசம் வைக்கலாம்.

ரசம் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தூளில் இந்த முறைக்கே இடமில்லை. இலையையும் இளங்கொடியையும் மண் போக மூன்று தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும். முற்றிய தண்டை நீக்கிவிடலாம். ஒரு கைப்பிடி இலையை இரண்டு பேணித் தண்ணீரில் போட்டு, தண்ணீர் பச்சை நிறம் கொண்டதும் இறக்கி வடிக்க வேண்டும். கனநேரம் கொதிக்க விட்டால் கைப்பு ஏறும், வாசமும் கெட்டுவிடும். மிளகு, நற்சீரகம், மல்லி, இரண்டு செத்தல் மிளகாய், நான்கைந்து பல் உள்ளி ஆகியவற்றை அம்மியில் தட்டி, கரைத்த பழப்புளியோடு அந்த வடித்த நீரில் சேர்த்து, உப்பிட்டு, நுரை கட்டி வரும்போது இறக்கிக் கறிவேப்பிலை போட்டு மூடிவிட வேண்டும். மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியில் மிளகுக்கும் உள்ளிக்கும் அடியில் ஒரு பச்சை வாசம் இருக்கும். மழைக்குப் பிறகு வேலியோரத்தில் கையை விட்டுக் கிளறினால் வருகிற அதே வாசம். அம்மா முதல் மிடறு குடித்துவிட்டு, "இதுதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் 100 ரூபா கொடுப்பேன்.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன். கிழமைக்கு இரண்டு முறை என்று ஆறு கிழமை கொடுத்தோம். வயிறு ஒழுங்காகப் போனது முதல் கிழமையிலேயே தெரிந்தது. மலச்சிக்கலுக்கு இது நல்லது என்று பெரியவர்கள் சொல்லி வந்தது எங்கள் வீட்டைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. முழங்காலைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காலை விறைப்பு முன்னைவிட விரைவில் விடுகிறது என்று அம்மா சொல்கிறார். அதே காலத்தில் குளிசையும் எடுத்தார், சுடுநீர் ஒத்தடமும் கொடுத்தோம், மழையும் நின்றது. இவற்றில் எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

இனித் தூள். நகரில் ஒரு கடையில், பச்சை இலைப் படம் அச்சிட்ட பளபளப்பான பைக்கற், 100 கிராம், 450 ரூபா. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும் என்றில்லை. திறந்தவுடன் வந்தது வைக்கோல் வாசம். நிறம் பச்சையும் இல்லை, கபிலமும் இல்லை. துவாயின் மேல் ஒரு தேக்கரண்டி பரப்பிப் பார்த்தபோது நார்த் துண்டுகள் நிறைய இருந்தன. அதாவது இலையோடு முற்றிய தண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறார்கள். எந்தப் பாகம், எப்போது பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதைப் பற்றி உறையில் ஒரு வரியும் இல்லை. அதற்குப் பதிலாக, தீர்க்கும் நோய்கள் என்று சிறிய எழுத்தில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. வாதத்தில் தொடங்கிய அந்தப் பட்டியல் நீரிழிவையும் தாண்டிப் போனது. முடக்கொத்தானுக்கு அதன் பெயரே போதுமானதாக இருக்கும்போது, இல்லாத பெருமையை அதன்மேல் ஏற்றுவது அந்த மூலிகைக்குச் செய்யும் அவமதிப்பு என்றே நான் நினைக்கிறேன்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது அளவு. ஒரு மேசைக்கரண்டி வீதம் நாளுக்கு மூன்று வேளை என்று உறையில் அச்சிட்டிருந்ததை நம்பிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இரவு அம்மாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கி, விடியும்வரை நிற்கவில்லை. எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஓர் இரவு வயிற்றோட்டம் என்பது சிறிய விடயமில்லை. உப்பும் சீனியும் கலந்த நீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். காலையில் எங்கள் ஊர்ச் சித்த வைத்தியரிடம் பைக்கற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். முடக்கொத்தான் இயல்பாகவே மலத்தை இளக்கும் தன்மையுள்ளது என்றும், கைப்பிடி இலையில் வைக்கும் ரசத்தில் வடித்த நீர்தான் உடலுக்குள் போகிறது, தூளிலோ முழு இலையும் தண்டும் அப்படியே போகின்றன என்றும் அவர் விளக்கினார். தவறு உறையில் அளவு அச்சிட்டவருடையது மட்டுமன்று. கேட்காமல் கொடுத்த என்னுடையதும்தான்.

சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாணத்தில் வழிகாட்டல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பரராசசேகரம், செகராசசேகரம் என்று அரசர் பெயர் தாங்கிய மருத்துவ நூல்கள் உண்டான மண் இது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பித்து வருகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் சித்த வைத்தியர்கள் பதிவு பெறுகிறார்கள். இவ்வளவும் இருக்க, ஒரு பைக்கற்றின் முதுகில் உள்ள வரியை நம்பி மருந்து கொடுக்கத் தேவையே இல்லை.

மூன்றாவதாக வாங்கிய உலர்ந்த கொடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய சரக்குக் கடை. மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் தாளில் எழுதி ஒட்டிய பெயர்கள். கடைக்காரர் ஓர் உமலிலிருந்து கொடியை அள்ளித் தராசில் இட்டு, தாளில் சுற்றிக் கொடுத்தார். உலர்ந்திருந்தாலும் இலையின் வடிவம் தெரிந்தது. சுருங்கிய காய்களும், அவற்றை உரசினால் விழும் இதயப் புள்ளி விதைகளும் இருந்தன. ஆச்சி சொன்ன சோதனையில் இதுவும் தேறிவிட்டது. அடியில் கொஞ்சம் மண் இருந்தது, அலசி எடுத்துக்கொண்டேன். ரசத்தில் பச்சை வாசம் கிடைக்காது. கைப்புச் சற்றுத் தூக்கலாக இருக்கும். சித்திரை, வைகாசியில் வேறு வழியில்லாதபோது இது நல்ல தெரிவு. எதற்கென்று கேட்டறிந்துகொண்டு, "முதல்ல கொஞ்சமாக் குடுத்துப் பாருங்கோ தங்கச்சி" என்று அவராகவே சொன்னதையும் குறிப்பிட வேண்டும்.

இதன் மற்றப் பயன்களில் நான் நேரில் பார்த்தவை இரண்டு. இலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கினால் மெல்லிய நுரை வரும். ரம்புட்டானும் பூவந்தியும் சேர்ந்த அதே குடும்பத்துக் கொடி இது. நுரைக்கும் தன்மை பூவந்திக் கொட்டையில் நாம் அறிந்ததுதான். அந்த நுரையைத் தலையில் தேய்த்து முழுகினால் பொடுகு குறையும் என்பார்கள். என் மகளுக்கு இரண்டு முறை செய்தேன், தலை கனமில்லாமல் சுத்தமாக இருந்தது, மயிர் வறளவில்லை. மற்றது, இலையை நல்லெண்ணெயில் போட்டுச் சிறு தீயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடித்த எண்ணெய். அம்மா பின்னேரங்களில் அதை இளஞ்சூடாக முழங்காலில் தேய்த்துக்கொள்கிறார். தேய்க்கிற கையின் பங்கு அதில் எவ்வளவோ, எண்ணெயின் பங்கு எவ்வளவோ, அவருக்கு அது வேண்டியிருக்கிறது.

இலைச் சாற்றைக் காதுவலிக்கு விடும் வழக்கமும் உண்டு. அதை நான் செய்யவில்லை, செய்யும்படி சொல்லவும் மாட்டேன். காதுச் சவ்வு கிழிந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. இலையை வதக்கி அடிவயிற்றில் வைத்துக் கட்டினால் தடைப்பட்ட மாதவிடாய் இறங்கும் என்று பழைய முறை சொல்கிறது. அந்தக் குணம் உள்ள மூலிகை என்பதாலேயே கர்ப்பிணிகள் இதை உள்ளுக்கு எடுக்கக் கூடாது என்று எங்கள் வைத்தியர் அழுத்திச் சொன்னார். வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே பல குளிசைகள் எடுப்பவர்களுக்கும் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது அவசியம். தூள் பைக்கற்றின் அந்த நீண்ட பட்டியலில் இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட இல்லை.

சந்தைக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன் போவது நல்லது. மெல்லிய இலை ஆதலால் வெயில் பட்டவுடன் வாடித் தொங்கிவிடும். ஒன்பது மணிக்கு வாங்கிய ஒரு கட்டில் பாதியை நான் எறிய நேர்ந்தது. அன்றே சமைக்காவிட்டால் ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம், அதற்குமேல் வைக்க வேண்டாம். ஆச்சியின் கட்டில் சில நாள் வேறு புல்லும் கலந்து வருவதுண்டு, அதை மட்டும் பார்த்து நீக்கிக்கொள்ள வேண்டும்.

நான் வாங்கிய கட்டுகளில் இருந்த முற்றிய காய்களை எறியாமல் எடுத்து வைத்து, மதிலோரம் இரண்டு கிளுவைக் கதியால் நட்டு அவற்றின் அடியில் விதைகளை ஊன்றியிருக்கிறேன். விதை வேண்டியவர்கள் ஆச்சியிடம் கேட்டால், பழுத்து வெளிறிய காய்களைத் தனியே ஆய்ந்து தருவார்; அதற்கு அவர் காசு வாங்குவதில்லை.